தாத்தாவின் பெட்டியில் உறங்கும் தபால் தலைகள்

பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டத் தொடங்குகிறோம். அல்லது வேலையின் பொருட்டு ஓசூருக்குக் குடிபெயர்கிறோம். பரண்மேல் கிடந்த தகரப் பெட்டி கீழே இறங்குகிறது. திறந்தால், பழுப்பேறிய கடித உறைகள், நூலால் இறுகக் கட்டிய கட்டுகள், மூலை மடங்கிய ஓர் ஆல்பம். பழைய தாள் வாங்குபவர் வாசலில் தராசுடன் காத்து நிற்கிறார். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனையோ குடும்பங்களின் அரை நூற்றாண்டு வரலாறு கிலோக் கணக்கில் நிறுக்கப்பட்டுச் சாக்குப் பையில் போய் விடுகிறது. பேரப் பிள்ளைகள் அருகில் நின்று வேடிக்கை பார்க்கின்றனர். அதில் என்ன இருந்தது என்று அவர்கள் கேட்பதுமில்லை. கேட்டாலும் சொல்ல நமக்கு அப்போது நேரமிருப்பதில்லை.

தபால் தலை சேகரிப்பு அழிந்து வரும் ஒரு பொழுதுபோக்கு என்று பலர் வருந்துகின்றனர். இக்காலப் பிள்ளைகளுக்குக் கைப்பேசியைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லை என்று பழியையும் அவர்கள்மேல் போட்டு விடுகின்றனர். இது நியாயமாகுமா? இன்றைய பிள்ளையின் வீட்டுக்கு வரும் தபால்களை எண்ணிப் பாருங்கள். வங்கியின் அறிவிப்பு வருகிறது. அதில் தபால் தலை இராது. விரைவு அஞ்சல் வருகிறது. அதில் கோடுகள் அச்சிட்ட சீட்டுத்தான் ஒட்டியிருக்கும். தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. பதிவுத் தபாலும் 2025இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டு விட்டது. கண்ணிலேயே படாத ஒரு பொருளின்மீது பிள்ளைக்கு ஆசை எழுவது எங்ஙனம்? காட்டுவார் இல்லாத குறையேயன்றிக் காண்பாரின் குறை அன்று இது.

காட்டுவதற்கு வேண்டிய பொருள் நம் பகுதியில் நிறையவே உண்டு. அஞ்செட்டியை எடுத்துக் கொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கருநாடக எல்லையை ஒட்டி, காடும் மலையும் சூழ அமைந்த ஊர் இது. ஒகேனக்கல் நோக்கிச் செல்லும் மலைப்பாதை இதன் வழியே போகிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு என மும்மொழியும் ஒரே தெருவில் கேட்கும். 1970களிலும் 80களிலும் ஓசூரில் தொழிற்சாலைகள் எழுந்த காலந்தொட்டு இவ்வட்டாரத்து இளைஞர்கள் வேலை தேடி அங்கும், எல்லை கடந்து பெங்களூருக்கும் சென்றனர். பெற்றோர் மலையடிவாரத்திலேயே தங்கினர். தொலைபேசி அரிதாயிருந்த அந்நாளில் இரு தரப்பையும் பிணைத்தது தபால்காரர் கொணர்ந்த கடிதந்தான். ஆகவே, இங்குள்ள பழைய பெட்டிகளில் அரிய தபால் தலைகள் இல்லாவிடினும், அரிய உறைகள் இருக்க இடமுண்டு.

உறையில் என்ன அருமை என்று கேட்கலாம். ஒரே வீட்டுக்கு வெவ்வேறு காலங்களில் வந்த உறைகளை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 1965 அக்டோபருக்கு முற்பட்ட உறையில் 'அஞ்செட்டி, சேலம் ஜில்லா' என்றிருக்கும். அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி மாவட்டம் பிறந்தது. அதன் பின்னர் வந்த கடிதங்கள் 'தருமபுரி மாவட்டம்' என்று பேசும். 2004 பிப்ரவரி 9 முதல் அது கிருஷ்ணகிரி மாவட்டமாயிற்று. வீடு நகரவில்லை; கிணறும் புளியமரமும் நகரவில்லை; ஒரு மனிதர் தம் ஆயுளுக்குள் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்து விட்டார்! 'சென்னை மாநிலம்' என்னும் பெயர் 1969 ஜனவரி 14 அன்று 'தமிழ் நாடு' ஆயிற்று. எல்லைக்கு அப்பால் 'மைசூர் மாநிலம்' 1973 நவம்பர் 1 அன்று 'கருநாடகம்' ஆயிற்று. 1972 ஆகஸ்டு 15 அன்று ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் எழுதப்பட்ட முகவரியில் அந்த எண் இராது. பள்ளிப் பாடநூலில் ஒரு வரியில் படித்து மறக்கும் செய்திகள் இவை. கொள்ளுத் தாத்தாவின் கையெழுத்தில் காணும் பிள்ளை அவற்றை மறப்பதில்லை.

ஆதலின், பெட்டி கீழே இறங்கியதும் கத்தரிக்கோலை எடுத்துத் தபால் தலையை மட்டும் வெட்டி விடாதீர்கள். அந்நாளில் நம்மில் பெரும்பாலோர் செய்தது அதுவே. முகவரியோடும் முத்திரையோடும் முழுமையாக இருக்கும் உறைக்குத்தான் மதிப்பு மிகுதி. பணமதிப்பை நான் சொல்லவில்லை.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச்சு 31 வரை நம் நாட்டில் கடிதம் அனுப்பியவர்கள், வழக்கமான கட்டணத்துக்கு மேல் 5 பைசாத் தபால் தலை ஒன்றைக் கட்டாயமாக ஒட்ட வேண்டியிருந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து உயிருக்கு அஞ்சி ஓடி வந்த இலட்சக் கணக்கான அகதிகளுக்குச் சோறும் கூரையும் அளிக்க அந்தக் காசு பயன்பட்டது. தொடக்கத்தில், ஏற்கெனவே வழக்கில் இருந்த குடும்ப நலத் தபால் தலையின்மீது 'அகதிகள் உதவி' என்று பொருள்படும் சொற்களை அச்சிட்டு வெளியிட்டார்கள். அவசரம் கருதிப் பெங்களூர் உள்ளிட்ட சில இடங்களிலேயே அந்த மேலச்சு செய்யப்பட்டதும் உண்டு. தாங்கள் ஒருபோதும் காணாத மக்களுக்காக, ராகிக் களி உண்டு வாழ்ந்த மலையடிவாரத்து ஏழையும் ஒவ்வொரு கடிதத்திலும் 5 பைசா கொடுத்தார். அந்தச் சிறு தாள் துண்டைப் பேரனின் உள்ளங்கையில் வைத்து இதைச் சொன்னால் போதும்.

எந்தப் பொருளில் தொடங்குவது?

தபால் தலையின் வரலாற்றை முதலில் சொல்லித் தொடங்க வேண்டும் என்று சில பெரியவர்கள் எண்ணுகின்றனர். 1840 மே மாதம் இங்கிலாந்தில் ரோலண்டு ஹில் என்பாரின் முயற்சியால் வெளிவந்த கறுப்பு நிற ஒரு பென்னித் தலை, 1852இல் சிந்து மாகாணத்தில் வெளிவந்த ஆசியாவின் முதல் தபால் தலை, 1854இல் இந்தியா முழுமைக்கும் வந்த தலைகள், விடுதலைக்குப் பின் 1947 நவம்பர் 21 அன்று மூவண்ணக் கொடியுடன் வந்த மூன்றரை அணாத் தலை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால், பத்து வயதுப் பிள்ளை கொட்டாவி விடும். அதுவும் பாடந்தானே! பிள்ளைக்கு எதில் விருப்பமோ அதிலிருந்து தொடங்குவதே முறை.

அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு யானையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதன் பிளிறலை இரவில் கேட்டு வளர்ந்த பிள்ளை அது. 1963இல் வனவிலங்குப் பாதுகாப்பை வலியுறுத்தி நம் அஞ்சல் துறை வெளியிட்ட தபால் தலைகளில் யானையும் புலியும் காட்டெருதும் உண்டு. அங்கிருந்து தொடங்கலாம். காவிரியில் நாட்டமா? அந்த ஆற்றின் குறுக்கே கண்ணம்பாடி அணையை அமைத்த விசுவேசுவரய்யாவுக்கு 1960இல், அவர் நூறு வயது கண்டு உயிரோடிருந்தபோதே தபால் தலை வெளியிடப்பட்டது. ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்து, நாட்டின் தலைமை ஆளுநராக உயர்ந்த இராஜாஜிக்கு 1973இல் ஒன்று வந்தது. நம் மண்ணின் மைந்தர் ஒருவர் தபால் தலையில் இருக்கிறார் என்றறியும்போது பிள்ளையின் கண்கள் விரிவதைப் பார்க்க வேண்டும்.

நம் எல்லைப்புறத்துக்கென்றே பொருத்தமான ஒரு பக்கத்தை ஆல்பத்தில் அமைக்கலாம். 1960இல் வந்த திருவள்ளுவர், 1961இல் வந்த தியாகராசர், 1964இல் வந்த புரந்தரதாசர் ஆகிய மூன்று தலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தாளில் அமர்ந்து விடும். அண்டை வீட்டாரோடு தெலுங்கிலும் கடைத் தெருவில் கன்னடத்திலும் பேசி வளரும் பிள்ளைக்கு இதைவிட இயல்பான பாடம் வேறில்லை.

நம் குடும்பங்களுக்கு நெருக்கமான தலைகளும் உண்டு. புனித தோமையாருக்கு 1964இல் ஒன்றும், 1973இல் பரங்கிமலைச் சிலுவையுடன் ஒன்றும் வெளிவந்தன. புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு 1974இல் வந்தது. அன்னை தெரசாவுக்கு, நோபல் பரிசு பெற்ற மறு ஆண்டே, 1980இல், அவர் உயிரோடிருக்கும்போதே வெளியிடப்பட்டது. வாழ்ந்து கொண்டிருப்போருக்குத் தபால் தலை வெளியிடுவது நம் நாட்டில் மிக அரிது என்பதை இங்கே சொல்ல வேண்டும். வத்திக்கான் நகரம் 1929 முதல் தனக்கெனத் தபால் தலைகளை வெளியிட்டு வருகிறது. வெளிநாட்டுத் திருச்சபைகளில் பயன்படுத்திய தபால் தலைகளைச் சிறுவர்கள் சேர்த்துக் கொடுப்பதும், அவற்றை மொத்தமாக விற்று மறைபரப்பு நாடுகளுக்குப் பணம் அனுப்புவதும் நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. நம் பகுதியில் பணியாற்றிய பாரீசு மறைபரப்புச் சபைக் குருக்களுக்குப் பிரான்சிலிருந்து வந்த கடிதங்களில் எத்தனை இன்னும் எங்கெங்கே உறங்குகின்றனவோ!

சிறு குழந்தையானால் முகர்ந்து பார்க்கக் கொடுங்கள். 2006 டிசம்பரில் சந்தன மணம் வீசும் தபால் தலையும், 2007 பிப்ரவரியில் ரோசா மணம் வீசும் நான்கு தலைகளும் இந்தியாவில் வெளிவந்தன. ஓசூர் ரோசாத் தோட்டங்களுக்கு இடையே வளரும் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இத்தனை ஆண்டுகளில் மணம் குறைந்திருக்கலாம்; ஆயினும் முகர்ந்து பார்க்காத பிள்ளை கிடையாது.

கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு

சேகரிப்போர் பலரிடம் ஒரு குறையுண்டு. பிள்ளை ஆல்பத்தின் அருகே வந்தால், "தொடாதே, கிழித்து விடுவாய்!" என்பார்கள். இருபது ஆண்டுகள் இவ்வாறு விரட்டி விட்டு, பின்னர் ஒரு நாள், "என் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வமே இல்லை" என்று பெருமூச்சு விடுவார்கள். மாறாக, இப்படி ஓர் உரையாடலை எண்ணிப் பாருங்கள்.

"தாத்தா, இந்த யானைத் தலை எனக்கா?"

"உனக்குத்தான் கண்ணு. என்னிடம் இதில் இரண்டு உண்டு. நீ எங்கே வேண்டுமானாலும் வைத்துக் கொள்."

"தலைகீழா வைக்கட்டுமா?"

"வையேன்! உன் ஆல்பந்தானே."

இரட்டையாக உள்ளவற்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து விட வேண்டும். அது கோணலாக வைக்கட்டும். கொடியையும் பூவையும் ஒரே பக்கத்தில் கலக்கட்டும். இரண்டு தலைகளைத் தோழிக்குக் கொடுத்து வேறொன்று வாங்கி வரட்டும். தன்னுடையது என்னும் உரிமை வந்த பின்னரே காக்கும் எண்ணம் வரும். தாத்தாவின் பெரிய ஆல்பம் பின்னால் வரட்டும்; அவசரமில்லை.

வேறு நாடுகளின் வரலாற்றிலும் இதையே காண்கிறோம். பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் உலகறிந்த சேகரிப்பாளர். அவருக்கு இளமையில் இந்த ஆர்வத்தை ஊட்டியவர் அவருடைய சிறிய தந்தை ஆல்பிரடு. அமெரிக்க அதிபர் பிராங்ளின் ரூசுவெல்ட்டு எட்டு வயதில் சேகரிக்கத் தொடங்கினார். அவருடைய தாயாரும் இளமையில் சேகரித்தவர். 1921இல் இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்து படுக்கையில் கிடந்த நாள்களில் அந்த ஆல்பங்களே அவருக்குத் துணையாயின. அதிபரான பிறகும் அவர் அதை விடவில்லை.

1873இல் பிரிட்டிஷ் கயானாவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் உறவினரின் பழைய கடிதங்களிடையே மங்கிய சிவப்பு நிறத்தில் ஒரு தலையைக் கண்டெடுத்தான். 1856இல் அச்சான ஒரு செண்டுத் தலை அது. அழகில்லை என்று கருதி ஆறு ஷில்லிங்குக்கு விற்று, அந்தக் காசில் வேறு அழகிய தலைகளை வாங்கப் போனான். உலகில் ஒன்றே ஒன்றாக அறியப்பட்ட அந்தத் தலை, 2014இல் 90 இலட்சம் டாலருக்கும் மேலாக ஏலம் போயிற்று. இதைக் கேட்டதும் பரணை நோக்கி ஏணி தூக்குவோர் சற்றுப் பொறுக்கவும்! நம் பெட்டிகளில் இருக்கக்கூடிய 1950க்குப் பிந்திய இந்தியத் தலைகள் பெரும்பாலும் இலட்சக் கணக்கில் அச்சானவை. பயன்படுத்திய தலைகளுக்குச் சந்தையில் சில ரூபாய்களே கிடைக்கும். முதலீடு என்று சொல்லிப் பிள்ளையை இதில் இறக்குவது தவறு. விலை ஏறவில்லை என்றறிந்ததும் அது போட்டு விட்டுப் போய் விடும். நாமே அல்லவா அவ்வாறு கற்பித்தோம்? அந்தக் கயானாச் சிறுவனோ, தனக்குப் பிடித்ததை வாங்கினான். அவன் செய்ததில் பிழையொன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆல்பத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் குடும்பங்களில் மனக்கசப்பு எழுவதும் உண்டு. நிலத்தை அளந்து பங்கு பிரிப்பது போல, நான்கு பேரப் பிள்ளைகளுக்கும் பக்கம் பக்கமாகக் கிழித்துக் கொடுத்து விடுகிறார்கள். நால்வரிடமும் துண்டுகள் இருக்கும். யாரிடமும் சேகரிப்பு இராது. கேட்டு வந்த பிள்ளைக்கு முழுவதையும் கொடுப்பதே என் கருத்தில் சரி. அது பெண் பிள்ளையாயிருந்தால், மணமாகிப் போகிறவளுக்கு எதற்கு என்னும் பேச்சு வேண்டா. மற்றப் பிள்ளைகளுக்குத் தாத்தா எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவற்றை ஆளுக்கு ஒன்றிரண்டு கொடுக்கலாம். கொடுக்கும்போதே, எந்தத் தலை யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டு, அவர் நமக்கு என்ன உறவு என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்து விடுங்கள். ஆல்பம் நூறாண்டு இருக்கும். நம் நினைவு அத்தனை நாள் இராது.

கைவேலை

உறையில் முகவரி கிழிந்து, முத்திரையும் தெளிவின்றிப் பயனற்றுப் போயிருந்தால் மட்டுமே தலையைப் பிரித்தெடுக்கலாம். தலையைச் சுற்றி ஒரு விரற்கடை விட்டு உறையை வெட்ட வேண்டும். ஒரு தட்டில் குளிர்ந்த நீர் ஊற்றி அதில் மிதக்க விட்டால், கால்மணி, அரைமணி நேரத்தில் பசை இளகித் தலை தானே நழுவி வரும். உரிக்கக் கூடாது. வெந்நீரும் வேண்டா. வண்ணத் தாளில் செய்த உறையானால் சாயம் இறங்கும். அதைத் தனித் தட்டில் போட வேண்டும். பின் பக்கத்துப் பசையை விரலால் மெல்லத் துடைத்து, மையொற்றுத் தாளின்மேல் முகம் கீழாக வைத்து நிழலில் உலர்த்த வேண்டும். செய்தித் தாள் ஆகாது. அதன் மை ஒட்டிக் கொள்ளும். பாதி உலர்ந்ததும் கனத்த புத்தகத்தின் நடுவே ஓர் இரவு வைத்தால் சுருக்கம் நீங்கி விடும்.

ஆல்பத்தில் ஒட்டுவதற்குப் பசையோ ஒட்டு நாடாவோ பயன்படுத்தவே கூடாது. எத்தனை நல்ல சேகரிப்புகள் அந்த ஒட்டு நாடாவின் பழுப்புக் கறையால் பாழாயின! தலைகளைச் செருகி வைக்கும் பட்டைகள் உள்ள ஆல்பங்கள் கிடைக்கின்றன, அவையே நல்லவை. கை வியர்வை படாமல் சிறு இடுக்கியால் எடுக்கப் பழக்குங்கள். மழைக் காலத்தில் ஈரமும், எக்காலத்திலும் இராமபாணப் பூச்சியும் எதிரிகள். ஆண்டுக்கு இரு முறையாவது ஆல்பத்தை வெளியில் எடுத்துப் பக்கங்களைப் புரட்டி காற்றாட வைக்க வேண்டும். அதற்கென ஒரு நாளைக் குறித்துக் கொண்டால் பிள்ளைகளோடு அமரவும் அது வாய்ப்பாகும்.

பிள்ளைக்கு ஆர்வம் நிலைத்து விட்டால், வீட்டுக்கு வெளியேயும் துணையுண்டு. 2017 நவம்பரில் அஞ்சல் துறை, தீன் தயாள் ஸ்பர்ஷ் என்னும் பெயரில் ஓர் உதவித் தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் படிக்கும் மாணவர்களுக்கு அது உரியது. வினாத் தேர்வும், தபால் தலைகளைக் கொண்டு செய்யும் செயல்திட்டமும் நடத்தித் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்குவது திட்டம். நாடெங்கும் 920 பேருக்கு என அறிவிக்கப்பட்டது. பள்ளியில் தபால் தலை மன்றம் இருந்து, மாணவர் அதில் உறுப்பினராயிருக்க வேண்டும். மன்றம் இல்லாத பள்ளியானால், மாணவர் தம் பெயரில் அஞ்சலகத்தில் தபால் தலை வைப்புக் கணக்கு வைத்திருந்தாலும் போதும். இந்தக் கணக்கை 200 ரூபாய் செலுத்தித் தொடங்கலாம். புதிய தலைகள் வெளிவரும்போது வீட்டுக்கே வந்து சேரும். காட்டோரப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதுபற்றி எடுத்துச் சொல்வார் குறைவு. நம் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களும் அருட்சகோதரிகளும் தலைமை அஞ்சலகத்தில் விவரம் கேட்டு, ஒரு மன்றத்தைத் தொடங்கினால் என்ன? வேண்டியது ஓர் அலமாரித் தட்டும் வாரத்தில் ஒரு மணி நேரமும் மட்டுமே.

சென்னை செல்வோர் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்திலுள்ள தபால் தலைப் பிரிவைக் காணலாம். 1956இல் தோன்றிய தென்னிந்தியத் தபால் தலை சேகரிப்போர் சங்கமும் சென்னையில் உள்ளது. ஓசூர்ப் பக்கத்தாருக்குப் பெங்களூரின் தலைமை அஞ்சலகமே அண்மை. அங்கும் அத்தகைய பிரிவுண்டு. ஞாயிறு தவிர்த்து ஒரு விடுமுறை நாளில், அலுவலகம் திறந்திருக்கிறதா என்று முன்னரே விசாரித்துக் கொண்டு செல்வது நலம்.

அதற்கும் வழியில்லாதோர், உள்ளூரிலேயே செலவின்றித் தொடங்கத்தக்க ஒன்றைச் சொல்கிறேன். அது முத்திரை சேகரிப்பு. ஓசூர், கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி என ஒவ்வோர் ஊர் அஞ்சலகத்துக்கும் ஊர்ப் பெயரும் நாளும் பொறித்த தனி முத்திரை உண்டு. எல்லைக்கு இப்பால் 635 என்று தொடங்கும் குறியீட்டு எண், எல்லைக்கு அப்பால் ஆனேக்கல் பக்கம் 562 என்று மாறி விடும். திருவிழாவுக்கோ உறவினர் வீட்டுக்கோ செல்லும்போது, அவ்வூர் அஞ்சலகத்தில் ஓர் அஞ்சலட்டை வாங்கி, பிள்ளை தன் முகவரியைத் தானே எழுதி, அன்று கண்டதை நான்கு வரியில் குறித்து, முத்திரையைத் தெளிவாக இடுமாறு அஞ்சலக அலுவலரைப் பணிவுடன் கேட்டுக் கொடுக்கட்டும். நகரத்தில் வாழும் பேரனுக்கு அஞ்செட்டியிலிருந்து பாட்டி ஒன்று எழுதட்டும். அவன் ஓசூரிலிருந்து மறுமொழி எழுதட்டும். ஓராண்டில் ஒரு சிறு ஆல்பம் நிறைந்து விடும். முத்திரை மங்கலாக விழுந்திருந்தால் கவலையில்லை. இன்னோர் அட்டை வாங்கி மறுபடியும் எழுதலாம்.